யூஸ்ட் டெர்ப்ஸ்ட்ராவின் வலது தோள்

பிரிட்டிஷ் அரசாங்கம் மரியாதை செய்யப் போவதாகக் கடிதம் வந்த அன்று யூஸ்ட் டெர்ப்ஸ்ட்ராவுக்கு ஐம்பத்தெட்டு வயது. பல், கை, கால் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. மரியாதை வாங்கப் போகிற மனிதனுக்கு இவையெல்லாம் எவ்வளவு பெரிய சொத்து என்று அப்போது அவருக்குத் தெரியாது.

அவர் ஹாலந்துக்காரர். லிங்கன்ஷைர் கரையோரத்தில், கடல்மட்டத்துக்குக் கீழே சப்பையாகக் கிடக்கும் ஸ்கெல்பி என்ற ஊரில் இருபத்தேழு வருடமாகப் பம்பு நிலையத்தைப் பார்த்துக்கொள்கிறார். உள்ளூர்ப் பெண் மாவிஸைக் கட்டிக்கொண்டு, முள்ளங்கி போட்டுக்கொண்டு, யார் வம்புக்கும் போகாமல் இருந்தார். போன ஜனவரியில் கடல் கரையை உடைத்துக்கொண்டு வந்தபோது மூன்று நாள் கண் மூடாமல் மதகுச் சக்கரத்தைக் கையால் திருகி நானூறு வீடுகளைக் காப்பாற்றினார். ஊர்க்காரர்கள் நன்றியாக ஒரு கூடை தொத்திறைச்சி கொடுத்தார்கள். அவருக்கு அது போதும் என்றுதான் இருந்தது. அரசாங்கத்துக்குத்தான் போதவில்லை.

லண்டனில் விளிப்பு ஆணையம் என்று ஓர் அலுவலகம் இருக்கிறது. யாரை எப்படிக் கூப்பிடலாம், யாரை எப்படிக் கூப்பிடவே கூடாது என்பதைக் கவனித்துக்கொள்வது அதன் வேலை. அதன் ஆணையர் ஆபரன் த்வெய்ட் சட்டையோடு சேர்த்து இஸ்திரி போட்டதுபோல் இருப்பார். அவர் யூஸ்டை நிற்க வைத்தே, ஒரு பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில், கோட்டில் பதக்கத்தைக் குத்தினார். குத்தும்போது ஊசி நெஞ்சில் அரை அங்குலம் இறங்கியது. யூஸ்ட் "அம்மா" என்றார்.

"மன்னிச்சுக்கோங்க," என்றார் த்வெய்ட். "வாழ்த்துகள், மிஸ்டர் டெர்ப்ஸ்ட்ரா. இன்னிலேர்ந்து உங்களுக்கு 'நைட்' பட்டம். கௌரவ நைட். ஆனா உங்களை யாரும் 'சர்'னு கூப்பிடக் கூடாது."

"சரிங்க."

"எங்க ஆளா இருந்தா முட்டி போடச் சொல்லி, ரெண்டு தோள்லயும் வாளை வச்சு எடுப்போம். வாள் பட்டாத்தான் 'சர்'. நீங்க வெளிநாட்டுக்காரர். உங்களுக்கு மரியாதை உண்டு, வாள் கிடையாது. பேருக்குப் பின்னாடி மூணு எழுத்துப் போட்டுக்கலாம். முன்னாடி மட்டும் எதுவும் வரக் கூடாது. வெளிநாட்டுக்காரங்களுக்குப் பின்னாடி எவ்வளவு வேணும்னாலும் எடம் கொடுப்போம். முன்னாடி வந்தா எங்களுக்குத் தாங்காது. முந்நூறு வருஷமா எங்க கொள்கையே அதுதான்."

"சரிங்க. எனக்கு நாலு பதினெட்டு ரயிலைப் பிடிக்கணும்," என்றார் யூஸ்ட். அவருக்கு உண்மையிலேயே அது மட்டுந்தான் கவலை.

வாசலில் காவலாளி டெரெக் கதவைத் திறந்துவிட்டான். நல்ல மனுஷன், வாய் நிறையச் சிரித்து, "வாழ்த்துகள், சர் யூஸ்ட்!" என்றான். வழியனுப்ப வந்திருந்த த்வெய்ட் சட்டென்று திரும்பினார். கையில் இருந்த விதிப்புத்தகம் எழுநூறு பக்கம், ஓரங்களில் பித்தளை கட்டியது. அதை டெரெக்கின் மூக்கில் ஓங்கிச் சாத்தினார். காய்ந்த சுள்ளி முறிகிற சத்தம் கேட்டது. ரத்தம் பளிங்குத் தரையில் சிதறியது.

"மன்னிச்சுக்கோ டெரெக்," என்றார் த்வெய்ட்.

"ஐயோ, இல்லீங்க, தப்பு முழுக்க என்னுதுதான்," என்றான் டெரெக், மூக்கைப் பொத்திக்கொண்டு. "உங்க புஸ்தகத்துல கறை பட்டுடுச்சே."

"பரவால்ல. துடைச்சா போயிடும்."

யூஸ்டுக்குத் தலைகால் புரியவில்லை. கைக்குட்டையை டெரெக்கிடம் கொடுத்துவிட்டு ரயிலடிக்கு ஓடினார்.

ஸ்கெல்பியில் 'முங்கின ஆடு' என்றொரு பப். ஊரே அங்கே காத்திருந்தது. முதலாளி க்ளிஃப், யூஸ்டுக்கு நெருங்கின நண்பன், கல்லாவைத் தாண்டிக் குதித்து வந்து கட்டிக்கொண்டான்.

"வாய்யா சர் யூஸ்ட்! எப்படிய்யா இருந்துச்சு? வாளால தட்டினாங்களா?"

"வாள்லாம் இல்லப்பா. ஊசி குத்திச்சு, அவ்வளவுதான். என்னை அப்படிக் கூப்பிடக் கூடாதாம்."

எண்பத்தோரு வயது ஐடா ப்ளோமன், நாற்பது வருடம் மீன்கடை நடத்தினவள், தன் கண்ணாடிக் கோப்பையை மேஜையில் வைத்தாள்.

"வாள் இல்லையா? என் வீட்டுக்குள்ள தண்ணி வந்தப்ப எந்தச் 'சர்' வந்து நின்னான்? இந்த ஆளுதானே நின்னான்? இவனுக்கு வாள் இல்லேன்னு சொல்ல லண்டன்காரனுக்கு என்ன திமிரு?"

"விடும்மா. எனக்கு எதுக்கு அதெல்லாம்?" என்றார் யூஸ்ட்.

"உனக்கு வேணாம்யா. எங்களுக்கு வேணும்!" என்றான் க்ளிஃப்.

கணப்புக்கு மேலே ஒரு வாள் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. க்ளிஃபின் கொள்ளுத்தாத்தாவுடையது என்று அவன் சொல்லுவான். ஏலத்தில் எடுத்தது என்று ஊருக்குத் தெரியும். அதை இறக்கினார்கள். யூஸ்டை இருவர் தோளைப் பிடித்து அமுக்கி, பீர் சிந்திய தரையில் முட்டி போட வைத்தார்கள். க்ளிஃப் அதற்குள் ஐந்து பைன்ட் பீர் குடித்திருந்தான். ஆனால் சடங்கு என்றால் அவனுக்குச் சிரத்தை அதிகம். கண்ணை மூடி, மூச்சை இழுத்து, இரண்டு கையாலும் வாளைத் தலைக்கு மேல் தூக்கினான்.

வாளை வைத்து எடுக்க வேண்டும் என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை.

வலது தோளில் வாள் எலும்புவரை இறங்கி நின்றுவிட்டது. பிடுங்குவதற்கு க்ளிஃப் யூஸ்டின் முதுகில் காலை ஊன்ற வேண்டியிருந்தது. இடது தோளுக்கு வேலை வைக்காமல் யூஸ்ட் மயங்கிச் சாய்ந்தார். "சர் யூஸ்ட் வாழ்க!" என்று ஊரே கத்தியது. பிறகுதான் யாரோ ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள். இருபத்திரண்டு தையல் போட்டார்கள். க்ளிஃப் ஆஸ்பத்திரி வராந்தாவில் குழந்தைபோல் தேம்பித் தேம்பி அழுதான்.

பத்தாவது நாள் காலை ஆணையத்தின் வேன் ஊருக்குள் வந்தது. த்வெய்ட் இறங்கினார். அவருக்குப் பின்னால் துணை ஆணையர் பிலிப்பா க்ரூம் என்ற பெண்மணி கோப்போடு இறங்கினாள். அவளுக்குப் பின்னால் நாலு தடியர்கள், ஆணைய முத்திரை பொறித்த கிரிக்கெட் மட்டைகளோடு. ஊர் மண்டபத்தில் விசாரணை. வருகிறவர்களுக்கு டீயும் பிஸ்கட்டும் உண்டு என்று அறிவிப்பு ஒட்டினார்கள்.

"ஸ்கெல்பியில கடந்த பத்து நாள்ல சட்டவிரோதமா 'சர் யூஸ்ட்'ங்கிற சொல் இருநூத்திப் பதினாலு தடவை சொல்லப்பட்டிருக்கு," என்று படித்தாள் பிலிப்பா க்ரூம். "ஒரு தடவைக்கு ஒரு அடி. வயசானவங்க உக்காந்துக்கலாம்."

த்வெய்ட் எழுந்து சிற்றுரை ஆற்றினார். "அன்பான ஸ்கெல்பி மக்களே, உங்களை அடிக்கிறதுல எனக்குத் துளிகூடச் சந்தோஷம் இல்லை. இது தண்டனையும் இல்லை. நாட்டுல மொத்தம் எத்தனை மரியாதை இருக்குன்னு எங்ககிட்ட கணக்கு இருக்கு. நீங்க ஒருத்தருக்கு இலவசமாக் கொடுத்துட்டா, நாங்க கொடுக்கிறதுக்கு என்ன மதிப்பு? அப்புறம் எங்களை எதுக்கு வச்சிருக்கீங்க? அதனால தயவுசெஞ்சு வரிசையில வாங்க."

வரிசை என்ற சொல்லைக் கேட்டதும் ஊருக்கு ஓர் ஒழுங்கு வந்துவிட்டது. எதிர்த்துப் பேச வந்தவர்கள்கூடக் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். மண்டபத்திலிருந்து தபாலாபீஸ்வரை நீண்டது வரிசை. உள்ளே மட்டை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் மட்டைக்காரன் "மன்னிச்சுக்கோங்க" என்றான், வாங்கினவர் "நன்றி" என்றார். பாதிரியாருக்குத் தாடை இறங்கியது. தபால்காரருக்கு இரண்டு விலா எலும்பு. க்ளிஃப் மட்டும் அறுபத்து மூன்று தடவை சொல்லியிருந்ததால் அவனைத் தவணை முறையில் அடித்தார்கள். நடுநடுவே டீ கொடுத்தார்கள். கடைவாய் வழியாக டீயும் ரத்தமும் வழிய அவன் பிஸ்கட் நன்றாக இருப்பதாகச் சொன்னான்.

கலவரம் வந்தது அடியால் இல்லை. இரண்டு நாற்பது பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று ஐடா ப்ளோமன் வரிசையைத் தாண்டி முன்னால் போனாள்.

"ஏம்மா, நாங்கள்லாம் மனுஷங்களாத் தெரியலையா?" என்றான் ஒரு தச்சன். "காலையிலேர்ந்து அடி வாங்க நிக்கிறோம்."

"பஸ் போயிடும்ப்பா."

"எல்லாருக்குந்தான் பஸ் இருக்கு. பின்னாடி போய் நில்லு."

ஐடா கைப்பையால் அவன் காதில் விட்டாள். உள்ளே என்ன வைத்திருந்தாளோ, காது கிழிந்தது. அவன் பின்னால் நின்றவன் மேல் விழுந்தான், அந்த இடைவெளியில் ஒருத்தி உள்ளே நுழைந்தாள், அவளைத் தலைமுடியைப் பிடித்து இழுத்தார்கள். ஐந்து நிமிடத்தில் தெருவே உருண்டது. குடைக்கம்பிகள் தொடையில் ஏறின. ஒருவன் இன்னொருவன் கட்டைவிரலைக் கடித்தே எடுத்துவிட்டு, அதைப் பத்திரமாகக் கைக்குட்டையில் வைத்து அவனிடமே கொடுத்தான். அரசாங்க மட்டையில் போன பற்கள் பதினேழு. வரிசை மீறியதற்காக ஊர்க்காரர்களே பெயர்த்துக்கொண்டவை நாற்பது. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த த்வெய்டின் கண் கலங்கியது.

"பாத்தீங்களா மிஸ் க்ரூம்? இந்த மக்களுக்கு இன்னும் ஒழுங்கு மேல எவ்வளவு பிடிப்பு இருக்கு," என்றார்.

எல்லோரையும் அடித்து முடித்தபின் யூஸ்டைக் கூப்பிட்டார்கள். அவருக்கு மட்டும் அடி இல்லை. நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். மாவிஸ் பக்கத்தில் நின்றாள். த்வெய்ட் தோளில் இருந்த கட்டை அவிழ்க்கச் சொல்லி, தையலைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"இது பெரிய சிக்கல், மிஸ்டர் டெர்ப்ஸ்ட்ரா. வாள் இடது தோள்ல படலை. அதனால நீங்க முழுசா 'சர்' ஆகலை. வலது தோள்ல பட்டிருக்கு. அதுலேர்ந்து கீழ விரல்நுனி வரைக்கும் பட்டம் ஏறியிருக்கு. சட்டவிரோதமா ஏறியிருக்கு. உங்க உடம்பு மிஸ்டர். கை 'சர்'. ரெண்டும் ஒரே கோட்டுக்குள்ள நடமாட ஆணையம் அனுமதிக்காது."

"அதுக்கு என்னங்க பண்ணணும்?" என்றார் யூஸ்ட்.

"கையைக் கொடுத்துடணும்."

மாவிஸ் சிரித்தாள். வேறு யாரும் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டாள்.

"யோவ், அது அவரு கை. குடையா, மறந்துட்டுப் போறதுக்கு?" என்றாள்.

"புரியுதுங்க. உணர்ச்சிவசப்படாதீங்க. நல்ல டாக்டர் வருவார். கையை அவமரியாதையா நடத்த மாட்டோம். தனி அறை, வெல்வெட் மெத்தை. பட்டம் ஏறின கை இல்லையா?" அவர் குரலில் உண்மையான பரிவு இருந்தது. "இல்லேன்னா இன்னொரு வழி இருக்கு. நீங்க பிரிட்டிஷ்காரர் ஆயிடுங்க. அப்ப அந்தக் கையை முறைப்படுத்திடலாம்."

யூஸ்ட் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. எண்பத்தைந்து பக்க விண்ணப்பத்தை நாலு நாளில் நிரப்பினார். பரீட்சை எழுதினார். எட்டாம் ஹென்றி ராஜாவின் மனைவிகளைத் தலை வெட்டுப்பட்ட வரிசைப்படி எழுதச் சொன்னார்கள், எழுதினார். கடைசியில் கையெழுத்துப் போட்ட இடத்தில் பிலிப்பா க்ரூம் விரலை வைத்தாள்.

"இது எந்தக் கையால போட்டது?"

"வலது கையாலதாங்க. எனக்கு அதான் பழக்கம்."

"அந்தக் கை இப்ப சட்டவிரோத நிலைமையில இருக்கு. அது போட்ட கையெழுத்துச் செல்லாது. நீங்க பிரிட்டிஷ்காரர் ஆனப்புறந்தான் அது செல்லும்."

"அப்ப இடது கையால போடட்டுமா?"

"உங்க பழைய கையெழுத்தோட ஒத்துப் போகாதே."

யூஸ்ட் அவள் முகத்தையே பார்த்தார். அதில் கெட்ட எண்ணம் எதுவும் தெரியவில்லை. நவம்பர் ஒன்பதாம் தேதி காலை பத்து மணிக்குக் கையை எடுத்துக்கொள்ள வருவதாக ஆணையம் கடிதம் அனுப்பியது. அன்று முழுக்கைச் சட்டை அணிய வேண்டாம் என்று அடியில் எழுதியிருந்தார்கள்.

ஒன்பதாம் தேதி காலை சமையலறையில் மாவிஸ் அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டாள். காயம் இன்னும் முழுதாக ஆறாததால் மூன்று வாரமாக அவள்தான் போட்டுவிடுகிறாள். அவர் தன் வலது கையை மேஜைமேல் விரித்து வைத்துக்கொண்டு பார்த்தார். தடித்த, நகம் உடைந்த, எண்ணெய்க்கறை போகாத கை. அதில் பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் அது போய்விட்டால் மாவிஸின் முகத்தைத் தொட வேறு எந்தக் கைக்கும் தெரியாது என்று அவருக்குத் தோன்றியது.

"பயமா இருக்கு மாவிஸ்," என்றார்.

"எனக்குந்தான்," என்றாள் அவள். "வா, பம்புக்குப் போவோம். தண்ணி ஏறுதாம். வேலை இருந்தா மனசு கொஞ்சம் நிக்கும்."

கடல் அன்று பெருகியிருந்தது. வாய்க்கால் விளிம்புவரை பழுப்புத் தண்ணீர் சுழித்துக்கொண்டிருந்தது. பம்பு முழு வேகத்தில் உறிஞ்சியதால் இரும்புக் கம்பித் தடுப்புக்கு முன்னால் தண்ணீர் குழியாக இறங்கியது. யூஸ்ட் மதகுச் சக்கரத்தைத் திருகிக்கொண்டிருந்தபோது சரியாகப் பத்து மணிக்கு வேன் கரைமேல் வந்து நின்றது. த்வெய்ட், பிலிப்பா க்ரூம், மட்டைக்காரர்கள், கூடவே தோல்பையோடு ஒரு டாக்டர். டாக்டரின் பையிலிருந்து ரம்பத்தின் பிடி வெளியே தெரிந்தது.

எதிர்ப்பக்கத்திலிருந்து ஊர் வந்தது. அடி வாங்கின ஊர், கட்டும் பஞ்சுமாக, மண்வெட்டியும் ஈட்டிக்கோலும் ஏந்தி வந்தது. க்ளிஃபுக்குப் பேச்சு வரவில்லை, பல் இல்லை. அவன் வாளைக் கொண்டுவந்திருந்தான்.

"மன்னிச்சுக்கோங்க, கொஞ்சம் வழி விடறீங்களா?" என்றார் த்வெய்ட்.

வழிக்குப் பதிலாகச் செங்கல் வந்தது. முதல் மட்டைக்காரன் நெற்றி பிளந்து விழுந்தான். இரண்டாவது மட்டைக்காரன் தபால்காரரின் முட்டியை உடைத்தான். கரையின் சேற்றில் எல்லோரும் கட்டிப்புரண்டார்கள். டாக்டரின் ரம்பம் கைமாறி, யாருடையது என்று தெரியாத ஒரு தொடையில் பாதி அறுத்தபடி நின்றது. ஒருவன் வேனில் தீ வைத்தான். பாதிரியார் இறங்கின தாடையோடு ஜெபம் செய்துகொண்டே ஒருவன் கழுத்தை நெரித்தார். இத்தனைக்கும் நடுவே ஐடா ப்ளோமன் நிலக்கரி அள்ளும் கரண்டியைச் சுழற்றிக்கொண்டு த்வெய்டை நோக்கி வந்தாள்.

த்வெய்ட் அவளைப் பார்த்தார். வயதான பெண்மணி. கரை குறுகல். "நீங்க முதல்ல போங்கம்மா," என்று சொல்லி, தொப்பியை எடுத்து, மரியாதையாக ஓர் அடி பின்னால் விலகினார். அங்கே கரை இல்லை.

தண்ணீர் அவரை நேராகக் கம்பித் தடுப்பை நோக்கி இழுத்தது. சண்டை அப்படியே நின்றது. "மோட்டாரை நிறுத்து!" என்று கத்தினார் யூஸ்ட். மாவிஸ் ஓடினாள். மோட்டார் நின்றாலும் இழுப்பு அடங்க மூன்று நிமிடம் ஆகும் என்று யூஸ்டுக்குத் தெரியும். மல்லாந்து மிதந்த த்வெய்டின் கால்கள் ஏற்கெனவே தடுப்புக்குக் கீழே போயிருந்தன. யூஸ்ட் கான்கிரீட்டில் குப்புற விழுந்து, இடது கையால் இரும்புக் கிராதியைப் பிடித்துக்கொண்டு, வலது கையைக் கீழே நீட்டினார். தையல் நாலு தெறித்தது.

"பிடிங்க! கையைப் பிடிங்க!"

த்வெய்ட் அந்தக் கையைப் பார்த்தார். முகத்துக்கு ஒரு முழத் தூரத்தில் இருந்தது.

"ரொம்ப நன்றி," என்றார், தண்ணீரைத் துப்பிவிட்டு. "இடது கை இருக்கா?"

"இடது கையை எடுத்தா நானும் விழுந்துடுவேன்யா! பிடி!"

"உங்க நிலைமை புரியுது. ஆனா அந்தக் கையை நான் பிடிச்சா, ஆணையமே அதை அங்கீகரிச்ச மாதிரி ஆயிடும். நாளைக்கு ஒவ்வொருத்தனும் இதைக் காட்டி..."

வாயில் தண்ணீர் போனது. இருமினார்.

"யோவ், உனக்குப் பொண்டாட்டி பிள்ளை இல்லையா? பிடிய்யா, கெஞ்சிக் கேக்கறேன்!" யூஸ்டின் தோளிலிருந்து ரத்தம் முழங்கை வழியாக இறங்கி விரல்நுனியிலிருந்து த்வெய்டின் நெற்றியில் சொட்டியது.

"இல்லை, எனக்கு வேலை மட்டுந்தான். மன்னிச்சுக்கோங்க, மிஸ்டர் டெர்ப்ஸ்ட்ரா," என்றார் ஆபரன் த்வெய்ட். 'மிஸ்டர்' என்பதைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னார். பிறகு கீழே போனார். கம்பிக்கிடையில் ஏதோ முறியும் சத்தம் கேட்டது. பிலிப்பா க்ரூம் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் ஸ்கெல்பி தேவாலயத்திலேயே அடக்கம். த்வெய்டுக்கு உறவென்று யாரும் வரவில்லை. விதியைக் காக்க உயிரைக் கொடுத்தவருக்கு உயர்ந்த பட்டம் தர வேண்டும் என்று ஆணையம் முடிவு செய்திருந்தது. இறந்தவருக்குப் பட்டம் கொடுக்க விதியில் இடமில்லை. எனவே அவர் தண்ணீருக்குள் போனதற்கும் உயிர் போனதற்கும் நடுவே இருந்த ஒன்றரை நிமிடத்தில் பட்டம் வழங்கப்பட்டதாகத் தேதியிட்டார்கள். அசல் பிரிட்டிஷ்காரர், ஆகவே வாள் உண்டு. சவப்பெட்டியின் இரண்டு ஓரத்திலும் வாளை வைத்து எடுத்தார்கள். இனி அவர் சர் ஆபரன்.

பெட்டி தூக்க ஆறு பேர் வேண்டும். மட்டைக்காரர்களில் நடக்க முடிந்தவர்கள் இரண்டு பேர்தான், மீதிக்கு ஊர்க்காரர்கள் வந்தார்கள். பிலிப்பா க்ரூம், இப்போது ஆணையர், யூஸ்டின் உயரத்தை அளப்பதுபோல் பார்த்தாள்.

"நீங்க ஒரு பக்கம் பிடிக்க முடியுமா, மிஸ்டர் டெர்ப்ஸ்ட்ரா? உயரம் சரியா இருக்கு. இடது தோள் மட்டும். அந்த இன்னொரு தோள் விஷயமா வெள்ளிக்கிழமை டாக்டரோட வர்றேன்."

"வலிக்கும், வேணாம்," என்றாள் மாவிஸ்.

யூஸ்ட் போய் இடது தோள் பக்கமாக நின்றார். ஆறு பேரும் குனிந்தார்கள். தூக்குகிற அந்தக் கணத்தில் யூஸ்ட் பெட்டிக்கு அடியில் புகுந்து மறுபக்கம் வந்து, எதிரே நின்ற தச்சனைத் தன் இடத்துக்குத் தள்ளிவிட்டு, சர் ஆபரனைத் தன் வலது தோளில் ஏற்றினார். தையல் ஒவ்வொன்றாக விட்டது. அவருக்குக் கண் இருட்டியது. பிலிப்பா க்ரூம் வாயைத் திறந்தாள். ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தது. எல்லோரும் தலை குனிந்து நின்றிருந்தார்கள். அவள் சுற்றிலும் பார்த்தாள், முகம் சிவந்தாள், வாயை மூடிக்கொண்டாள். யூஸ்ட் குழிவரை தோள் மாற்றவில்லை. நடைபாதை நெடுக ரத்தம் சொட்டியது, யாரும் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

மண் போட்டு முடித்த பிறகுதான் அவள் அருகே வந்தாள்.

"அது வலது தோள்."

"ஆமாங்க."

"தெரிஞ்சேதான் பண்ணினீங்க."

"ஆமாங்க."

"அசல் 'சர்' ஒருத்தரை, ஆணையம் பாத்துக்கிட்டிருக்கும்போதே, அந்தத் தோள்ல ஏத்தியிருக்கீங்க. நான் அங்கேயே ஆட்சேபம் சொல்லலேன்னா ஆணையம் அந்தத் தோளை ஏத்துக்கிட்டதாத்தான் அர்த்தம். விதி அப்படி."

"நீங்க சொல்லியிருக்கலாமேங்க."

பிலிப்பா க்ரூம் அவரைத் திகைத்துப் பார்த்தாள். ரம்பத்தையும் மட்டையையும் பார்த்து மாறாத முகம் அப்போதுதான் மாறியது.

"சாவுலயா?" என்றாள். "நாலு பேர் முன்னாடியா?"

கோப்பைத் திறந்து ஒரு தாளைக் கிழித்தாள். வெள்ளிக்கிழமை வரவேண்டியதில்லை என்று சொல்லிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு போனாள். க்ளிஃப் பொக்கை வாயால் ஏதோ கூவினான். ஊர் கூடவே கூவியது. யூஸ்ட் யாரையும் பார்க்காமல் வெளிவாசலைத் தாண்டி நடந்தார். மாவிஸ் ஓடி வந்து சேர்ந்துகொண்டாள்.

"கை தப்பிச்சுதுய்யா," என்றாள். "உன் கை உனக்கே."

அவர் தெருவிலேயே நின்று அழுதார்.

"ஒரு முழம் மாவிஸ். மூஞ்சிக்கு நேரா நீட்டிக்கிட்டிருந்தேன். பிடிச்சிருக்கலாம் இல்ல?"

மாவிஸ் அவருடைய வலது கையை எடுத்து, ரத்தத்தோடு, தன் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள். இருவரும் பம்பு நிலையத்துக்கு நடந்தார்கள்.